டெல்லிக்குப் படிக்கக் கிளம்புகிறவர்களுக்கு, முதல் ஒன்றரை மாதத்தில் எனக்கு நடந்தவை

ஜூலை வந்துவிட்டால் ஊரிலிருந்து எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். யாராவது ஒருவரின் மகளுக்கோ தங்கச்சிக்கோ டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சீட் கிடைத்திருக்கும், அல்லது கிடைக்கிற மாதிரி இருக்கும், "நீ அங்கதானம்மா இருக்க, என்ன ஏதுன்னு கொஞ்சம் சொல்லேன்" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லப் போய், போன வருடம் ஒரு பெண்ணிடம் முக்கியமான ஒன்றைச் சொல்லவே மறந்துவிட்டேன், அவள் அதனால் கஷ்டப்பட்டாள். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் வந்தது 2023 ஆகஸ்டில். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர், அப்பாவுக்கு விசைத்தறியில் கூலி வேலை. எங்கள் வீட்டில் சென்னையைத் தாண்டிப் படிக்கக் கிளம்பிய முதல் ஆள் நான்தான். வடக்கு வளாகத்தில் ஒரு கல்லூரி, பி.ஏ. வரலாறு ஹானர்ஸ். வந்த ஒன்றரை மாதத்தில் தேவையே இல்லாமல் போன பணம் 21,600 ரூபாய். அது அப்பாவின் இரண்டு மாதக் கூலி. ஏழு நாள் வகுப்பும் அதோடு போயிற்று. இதில் முக்கால்வாசி, யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்காது.

அந்த வருடம் யாருக்கு எந்தக் கல்லூரி என்ற முதல் ஒதுக்கீட்டுப் பட்டியல் ஆகஸ்ட் 1ஆம் தேதி வந்தது, வகுப்பு 16ஆம் தேதி தொடங்கியது. இடையில் இருந்தது வெறும் 15 நாள். வருடத்துக்கு வருடம் தேதி மாறும், ஆனால் இடைவெளி எப்போதும் இப்படிக் குறைவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கியூட் நுழைவுத் தேர்வு எழுதி முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறோமே, உண்மையில் நமக்குக் கிடைக்கிற நேரம் அதுதான். நான் அந்த நாட்கள் முழுவதையும் சீட் கிடைக்குமா கிடைக்காதா என்ற கவலையிலேயே கழித்துவிட்டேன். கிடைத்த பிறகு டிக்கெட், தங்குமிடம், சான்றிதழ், பணம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. அம்மா மகளிர் குழுவில் 50,000 கடன் எடுத்தார். சீட் கிடைத்தால் ஹாஸ்டலும் தானாகக் கிடைத்துவிடும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. ஹாஸ்டலுக்குத் தனி விண்ணப்பம், அது கல்லூரியின் சொந்த இணையதளத்தில் ஒரு சில நாட்கள்தான் திறந்திருக்கும், இடமும் கொஞ்சம்தான். எல்லாக் கல்லூரியிலும் ஹாஸ்டலும் கிடையாது. கட்டணம் கட்டிய அன்று ராத்திரியே அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள். நான் பார்த்தபோது கடைசித் தேதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அப்புறம்தான் பி.ஜி. தேட ஆரம்பித்தேன், மாத வாடகைக்குத் தங்கும் தனியார் விடுதியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஊரில் உட்கார்ந்துகொண்டு, போனில். ஒரு தரகர் கிடைத்தார், ஆங்கிலமும் இந்தியும் கலந்து ரொம்ப மரியாதையாகப் பேசினார், நாலு படம் அனுப்பினார். இரண்டு கட்டில், பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். "இன்னும் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, இன்றைக்கே 4,000 போட்டால் பிடித்து வைக்கிறேன்" என்றார். போட்டுவிட்டேன். ஆகஸ்ட் 12 ராத்திரி 10 மணிக்குச் சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி 14ஆம் தேதி விடிகாலை புது டெல்லியில் இறங்கினேன். அங்கிருந்து மெட்ரோ மஞ்சள் பாதையில் நேராக வரலாம், மாற வேண்டியதில்லை, விஸ்வவித்யாலயா அல்லது அதற்கடுத்த ஜி.டி.பி. நகர். இது நல்ல விஷயம், தனியாக வருகிற பெண்களுக்கு ஆட்டோ பேரம் எதுவும் வேண்டாம், முதல் பெட்டி பெண்களுக்கானது. சரி, முகர்ஜி நகர் போகிற வழியில் அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்துப் போனால், காட்டிய அறையில் ஆள் இருக்கிறார்களாம். எனக்குக் கொடுத்தது மூன்றாம் மாடியில், மூன்று கட்டில் போட்ட ஓர் அறை. ஜன்னல் இருந்தது, ஆனால் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் சிமெண்டைத் தொடலாம். மாதம் 11,500, அதே அளவு முன்பணம், அதை இங்கே செக்யூரிட்டி என்பார்கள். 4,000 தரகருக்கான கமிஷன், வாடகையில் கழியாது என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். கையில் இரண்டு பெட்டி, இரண்டு ராத்திரி ரயில் களைப்பு, மொழி தெரியாது. மறுநாள் சுதந்திர தினம், தெருவெல்லாம் போலீஸ். வேறு எங்கே போவது? கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் 11 மாதத்துக்கு முன்னால் காலி செய்தால் செக்யூரிட்டி கிடையாது என்று ஒரு வரி இருந்தது. படித்தேன், புரிந்தது, அப்படியும் போட்டேன். அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் அறை நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

அதனால் தயவுசெய்து, நேரில் பார்க்காத அறைக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். முதல் மூன்று நாள் எங்கேயாவது தங்க மட்டும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், தெரிந்தவர் வீடோ சீனியர் அறையோ எதுவானாலும், அந்த மூன்று நாளில் நடந்து நடந்து பாருங்கள். கமலா நகர், விஜய் நகர், ஹட்சன் லேன், அவுட்ரம் லைன்ஸ், முகர்ஜி நகர், எல்லாமே கல்லூரிகளுக்கு நடக்கிற தூரம் அல்லது பேட்டரி ரிக்ஷா தூரம்தான், ஒரே நாளில் ஏழெட்டு அறை பார்த்துவிடலாம். பார்க்கும்போது கட்டிலையும் கபோர்டையும் பார்க்காதீர்கள், படிக்கட்டைப் பாருங்கள். எத்தனை படிக்கட்டு, மின் மீட்டர் பெட்டிகள் எங்கே இருக்கின்றன, ராத்திரி மெயின் கதவைப் பூட்டிச் சாவியை யார் வைத்திருப்பார், மொட்டை மாடிக் கதவு திறந்திருக்குமா என்று கேளுங்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அதே வருடம் செப்டம்பர் 27ஆம் தேதி சாயங்காலம் முகர்ஜி நகரில் ஒரு பெண்கள் பி.ஜி.யில் தீப்பிடித்தது. 35 பெண்களைத் தீயணைப்புத் துறை மீட்டது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த மீட்டர் பலகையில் பிடித்த தீ மேலே ஏறியிருக்கிறது, கட்டடத்துக்கு இருந்தது ஒரே ஒரு படிக்கட்டு. எங்கள் பி.ஜி.க்கும் ஒரே படிக்கட்டுதான், எங்கள் மீட்டர் பெட்டிகளும் அந்தப் படிக்கட்டுக்குக் கீழேதான். அன்றைக்கு ராத்திரி நாங்கள் மூன்று பேரும் தூங்கவில்லை. மாதக் கடைசியில் காலி செய்துவிட்டேன். செக்யூரிட்டி 11,500 போனது, தரகருக்குப் போன 4,000த்தையும் சேர்த்தால் 15,500. அந்தப் பணத்துக்காக நான் வருந்துகிறேன், கிளம்பியதற்கு வருந்தவில்லை.

அறையைப் பற்றிப் பேசப் போய் நாட்கள் முன்னே ஓடிவிட்டன. 16ஆம் தேதிக்கு வருகிறேன். வரவேற்பு நாள். ஓரியண்டேஷன் என்று சொல்வார்கள், சில இடங்களில் தீக்ஷாரம்ப் என்ற பெயரும் பார்ப்பீர்கள், பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி. வைத்த பெயர் அது. வாசலில் கோலம் மாதிரிப் பூவால் ரங்கோலி போட்டிருந்தார்கள், நெற்றியில் திலகம் வைத்தார்கள், ஒரு பேனாவும் கோப்பும் கொடுத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள், சரஸ்வதி வந்தனம், முதல்வர் பேச்சு, ஒவ்வொரு துறைத் தலைவரும் பேச்சு. முதல் அரை மணி நேரம் ஆங்கிலம், அப்புறம் எல்லாரும் இந்திக்கு மாறிவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன். எனக்கு முன்னால் ஓர் அப்பா தன் மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தார், அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கண் நிறைந்துவிட்டது.

அந்த அரங்கத்தின் வாசல் தூணில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் பசை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்த ஏ4 தாள், நடுவில் கறுப்புக் கட்டம் கட்டமாக ஒரு கியூ.ஆர். குறி, மேலே பேனாவால் வரலாறு, முதலாமாண்டு என்று எழுதியிருந்தது. வெளியே வரும்போது பார்த்தேன், என் போனில் சார்ஜ் இல்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். மறுநாள் தாள் இல்லை. அது எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவின் குறி. கால அட்டவணை, எந்த அறையில் வகுப்பு, எந்த விண்ணப்பம் எப்போது திறக்கும், எப்போது மூடும், எல்லாமே அந்தக் குழுவில்தான் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கல்லூரி அறிவிப்புப் பலகையைத் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன், பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே பழக்கம். வரவேற்பு நாளில் மேடையில் சொல்வதைவிட அரங்கத்துக்கு வெளியே ஒட்டியிருப்பதுதான் முக்கியம். போனை முழுசாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு போங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் நம்பரை வாங்காமல் வெளியே வராதீர்கள், மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, போனை நீட்டினால் போதும்.

ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியும் அந்த வாரத்தில்தான் கேட்டார்கள். மாணவரும் பெற்றோரும் இருவரும் கொடுக்க வேண்டும், அதற்கென்று யு.ஜி.சி. நடத்தும் இணையதளத்தில் நாமே இலவசமாக நிரப்பலாம், மின்னஞ்சலில் ஒரு பதிவு எண் வரும், அதைக் கல்லூரியில் கொடுத்தால் போதும். எனக்குத் தெரியாததால் கல்லூரிக்கு எதிரே ஒரு நெட் சென்டரில் 300 ரூபாய் கொடுத்தேன். அந்தத் தளத்திலேயே 24 மணி நேர உதவி எண் இருக்கிறது, 1800-180-5522. போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை, இருந்தாலும் எண் கையில் இருந்தது தைரியமாக இருந்தது.

இனி சான்றிதழ் விஷயம். இதில்தான் நான் ரொம்ப அடிபட்டேன், இதை மட்டுமாவது கவனமாகப் படியுங்கள். நம் ஊரில் சாதிச் சான்றிதழ் ஒரு தடவை வாங்கினால் ஆயுளுக்கும் அதுதான். பி.சி., எம்.பி.சி. என்று இருக்கும் அந்தச் சான்றிதழ் மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் செல்லாது. இங்கே ஓ.பி.சி., அதாவது இதர பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டில் சேர, மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயர், அதாவது வசதியான பிரிவு இல்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அதில் குடும்ப வருமானமும் சம்பந்தப்படுவதால் ஒரு தடவை வாங்கினால் தீர்ந்துவிடாது, சேருகிற வருடத்தின் மார்ச் 31க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இன்னொன்று, மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருக்காது. தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் தளத்தில் தமிழ்நாட்டுக்கான பட்டியல் இருக்கிறது, அதில் உங்கள் சாதியின் பெயர் எழுத்து மாறாமல் எப்படி இருக்கிறதோ அப்படியே சான்றிதழிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஓ.பி.சி. சான்றிதழ் இருந்தது, ஆனால் 2022இல் வேறொரு தேர்வுக்காக வாங்கியது. சேர்க்கையின்போது, புதியதைப் பிறகு தருகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். எல்லாருக்கும் அப்படி அவகாசம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள், ஏப்ரல் பிறந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். ஓ.பி.சி. சான்றிதழ் செப்டம்பர் 15க்குள் வராவிட்டால் சீட் ரத்தாகிவிடலாம் என்று அலுவலகத்தில் இருந்தவர் இந்தியில் சொன்னார். எனக்குப் புரிந்தது மூன்று வார்த்தை: ஒரிஜினல், பதினைந்து, கேன்சல். ஒரிஜினல் என்றால் தாசில்தார் கையெழுத்தும் முத்திரையும் போட்ட காகிதம், அதை நான்தான் போய் வாங்கி வர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை, யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. ஆகஸ்ட் 31 ராத்திரி தட்காலில் ரயில் ஏறினேன். சென்னை வந்து பொதிகை பிடித்து ஊர் போய்ச் சேரும்போது ஞாயிற்றுக்கிழமை காலை. திங்கட்கிழமை அப்பாவோடு இ-சேவை மையம். அங்கே உட்கார்ந்திருந்த அக்கா கேட்டது என்ன தெரியுமா? இ-சேவையில் என் பெயருக்கு இருக்கும் கேன் என்ற பதிவு நம்பரும், அதில் பதிவு செய்திருக்கிற போனுக்கு வரும் ஓ.டி.பி.யும். அந்தப் போன் அப்பாவுடையது. என் பழைய சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, வருமான விவரம் எல்லாம் வீட்டில்தான் இருந்தன. கிராம நிர்வாக அலுவலர் அப்பாவிடம்தான் பேசினார், வருவாய் ஆய்வாளருக்குப் போயிற்று, தாசில்தார் ஒப்புதல் கொடுத்தார், வெள்ளிக்கிழமை அப்பா போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அந்த ஐந்து நாளும் நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் கையெழுத்துக்கூட எங்கேயும் தேவைப்படவில்லை.

அந்த நேரத்தில் டெல்லியில் ஜி20 மாநாடு. செப்டம்பர் 9, 10 மாநாட்டு நாட்கள், 8 முதல் 10 வரை விடுமுறை விட்டிருந்தார்கள், நிறைய ரயில்களை ரத்து செய்து பாதை மாற்றியிருந்தார்கள். எனக்கு டிக்கெட் கிடைத்தது 10ஆம் தேதிக்குத்தான். 12ஆம் தேதி காலையில் இறங்கி, பெட்டியோடு நேராகக் கல்லூரிக்குப் போய் அந்தத் தாளைக் கொடுத்தேன். அலுவலகத்தில் இருந்தவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் போனை எடுத்து, மூலையில் இருந்த கியூ.ஆர். குறி மேல் பிடித்தார், திரையில் என் பெயரும் சான்றிதழ் எண்ணும் வந்தன, தலையாட்டிவிட்டு ஒரு டிக் போட்டார். பத்து வினாடி. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இ-சேவையில் வரும் சான்றிதழில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது, அதை எந்த ஊரில் எந்தக் கடையில் பிரிண்ட் எடுத்தாலும் அதுதான் ஒரிஜினல். அப்பா அந்த பி.டி.எஃப். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் கல்லூரிக்கு எதிரே 10 ரூபாயில் முடிந்திருக்கும். எனக்கு ஆனது ரயிலும் சாப்பாடுமாகச் சேர்த்து 5,200. அன்றைக்குச் சாயங்காலம் அறைக்குப் போய் நான் அழுத அழுகை, பணத்துக்காக மட்டும் இல்லை. கேட்பதற்கு ஓர் ஆள் இருந்திருந்தால் என்ற நினைப்புதான் தாங்கவில்லை.

ஊரில் இருந்த நாட்களில் இன்னொன்றும் நடந்திருந்தது. இங்கே பாடத்திட்டம் 2022 முதல் மாறிவிட்டது. முதல் செமஸ்டரில் மொத்தம் 22 கிரெடிட், அதில் 12தான் உங்கள் முக்கியப் பாடம். மீதி 10 நாமே தேர்ந்தெடுக்க வேண்டியவை: ஜி.இ. என்ற வேறு துறைப் பாடம் ஒன்று 4 கிரெடிட், அப்புறம் ஏ.இ.சி. என்ற மொழி மாதிரியான பாடம், எஸ்.இ.சி. என்ற திறன் பாடம், வி.ஏ.சி. என்ற மதிப்புக்கூட்டுப் பாடம் ஒவ்வொன்றும் 2. இவற்றுக்கு இடம் கணக்கு உண்டு, எங்கள் கல்லூரியில் முதலில் பதிகிறவர்களுக்கு முதலில். நான் ரயிலில் இருந்தபோது அந்தப் பதிவு திறந்து, நான் இ-சேவை மையத்தில் இருந்தபோது மூடிவிட்டது. அறிவிப்பு வந்தது நான் சேராத அந்த வாட்ஸ்அப் குழுவில். திரும்பி வந்து பார்த்தால் எஸ்.இ.சி.யில் மிச்சம் இருந்த ஒன்று, வி.ஏ.சி.யில் வேத கணிதம், ஏ.இ.சி.யில் இந்தி. தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை, அரசுப் பள்ளியில் படித்த எனக்கு இந்தி எழுத்துகூடத் தெரியாது. இந்தி வகுப்பில் முதல் நாள் கட்டுரை எழுதச் சொன்னார்கள். வெள்ளைத் தாளை அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன்.

அதை மாற்ற நாலு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கையெழுத்துக்காக அலுவலக வராந்தாவில் நின்றபோதுதான் ஒருவர் போனில் "இல்லம்மா, இன்னும் சம்பளம் போடல, சாப்பிட்டேன் சாப்பிட்டேன்" என்று பேசுவது காதில் விழுந்தது. டெல்லியில் யாரும் தமிழ் பேசிக் கேட்காத காது. கிட்டே போய் "சார், நீங்க தமிழா?" என்றேன். கோவில்பட்டிக்காரர், வேறொரு துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர். அவரும் என்னை மாதிரியே மேசை மேசையாக அலைந்துகொண்டிருந்தார். அரசு மருத்துவமனையின் உடற்தகுதிச் சான்று, முந்தைய கல்லூரியிலிருந்து விடுவிப்பு ஆணை, ஓய்வூதியத் திட்டத்துக்கான பிரான் எண், இதில் ஒன்று தாமதமானாலும் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறாதாம். அவருக்கு முதல் சம்பளம் மூன்றாவது மாதம்தான் வந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் மூன்று மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு வாருங்கள், விடுவிப்பு ஆணையின் அசலைப் பழைய கல்லூரியை விட்டுக் கிளம்பும் அன்றே வாங்கிவிடுங்கள் என்று அவர் பிறகு பலரிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வீட்டு வாடகைக்குப் போன இடத்தில் எல்லாம் சைவமா அசைவமா, கல்யாணம் ஆனவரா என்ற இரண்டு கேள்விக்குப் பிறகுதான் மற்றதெல்லாம் பேசினார்களாம். மாணவர்களுக்காவது ஒரு வரவேற்பு நாள் வைக்கிறார்கள், புதிதாக வருகிற ஆசிரியரை யாரும் உட்காரவைத்து எதுவும் சொல்வதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சார் என் விண்ணப்பத்தை வாங்கிப் படித்து, "நான் இந்தி படித்ததில்லை" என்பதற்கு ஆதாரமாகப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் நகலை வைக்கச் சொன்னார். அதுதான் வேலை செய்தது. நாலு நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். எங்கள் கல்லூரியில் தமிழ் இல்லை, எழுத்திலிருந்து தொடங்கும் சமஸ்கிருத வகுப்பு கிடைத்தது. இந்திக்கும் அதே எழுத்துதான், அது பழகிய பிறகு பஸ் பலகை படிக்க முடிந்தது, அது எனக்குப் பெரிய விடுதலை. அப்போது பெண்களுக்குப் பிங்க் டிக்கெட், பஸ்ஸில் காசு கிடையாது, ஆனால் எந்தப் பஸ் எங்கே போகும் என்று படிக்கத் தெரியாமல் ஒரு மாதம் ரிக்ஷாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வருவதற்கு முன்னால் இரண்டு வாரம் உட்கார்ந்து அந்த எழுத்தை மட்டுமாவது பழகிவிட்டு வாருங்கள். பேச்சு தானாக வரும்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் பெயரில் இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. இங்கே எல்லாப் படிவத்திலும் சர்நேம் கேட்பார்கள். கிரெடிட்டுகளைச் சேமிக்கும் ஏ.பி.சி. கணக்கு டிஜிலாக்கர் வழியாகத் திறக்கிறது, அது ஆதார்ப் பெயரை எடுத்துக்கொள்ளும், கல்லூரிப் பதிவில் வேறு மாதிரி இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் கொண்டு வரச் சொன்னார்கள், தீஸ் ஹசாரி நீதிமன்றத்துக்குப் போய் நோட்டரியிடம் வாங்கினேன், 600 ரூபாய், ஒரு மதியம். கியூட் விண்ணப்பம் போடும் முன்பே ஆதாரையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள், ஊரிலேயே ஆதாரைத் திருத்திவிடுங்கள். இடப்பெயர்வுச் சான்றிதழும் கேட்பார்கள், மைக்ரேஷன் என்பது அதுதான். நம் மாநிலப் பாடத்திட்டத்துக்கு அதைக் கொடுப்பது சென்னையில் கல்லூரிச் சாலையில் இருக்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககம், முன்பு டி.பி.ஐ. என்று சொன்ன வளாகம், இப்போது பேராசிரியர் அன்பழகன் பெயரில் இருக்கிறது. அந்த அலுவலகம் எழும்பூரிலிருந்து பக்கம்தான், அப்போது எனக்கு அது தெரியவில்லை.

வேறு இடத்தில் நல்ல சீட் கிடைத்துக் கிளம்புகிறவர்கள் கட்டிய பணம் போய்விடும் என்று பயந்து இருந்துவிடாதீர்கள். 2023இல் செப்டம்பர் 30க்குள் விலகினால் கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும், அக்டோபர் 31 வரை அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் பிடிக்கலாம் என்று யு.ஜி.சி. சொல்லியிருந்தது. என் அறையில் இருந்த கேரளப் பெண் அப்படித்தான் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனாள். நீங்கள் சேருகிற வருடத்தின் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் சொல்லித்தான் ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குப் போனேன். ஹௌஸ் காஸில் மாறி வசந்த் விஹாரில் இறங்க வேண்டும். குன்றின் மேல் முருகன், நம் ஊர்க் கோயில் மாதிரியே விபூதி வாசனை. பிரசாதம் வாங்க நின்ற வரிசையில் நாகர்கோவில் அக்கா ஒருத்தியைப் பார்த்தேன், எங்கள் பக்கத்துக் கல்லூரியில் மூன்றாம் வருடம். என் கதையைக் கேட்டுவிட்டு, "இதுக்குன்னா ஊருக்குப் போயிட்டு வந்த? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பிள்ள" என்றாள். அப்போது உங்களை எனக்குத் தெரியாதே அக்கா என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பி.ஜி.யைக் காலி செய்தபோது அவள்தான் விஜய் நகரில் தன் வீட்டில் ஓர் இடம் கொடுத்தாள், நாலு பேர், ஆளுக்கு 8,000, இரண்டு படிக்கட்டு. வருகைப் பதிவு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதையும், போன ஏழு நாளை எப்படி ஈடுகட்டுவது என்பதையும் அவள்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினாள்.

அவள் படிப்பு முடித்துப் போய்விட்டாள். போன வருடமும் இந்த வருடமும் வரவேற்பு நாளில் உதவி மேசையில் நான் இருக்கிறேன். கல்லூரியில் கேட்டு அனுமதி வாங்கி, மேசையில் ஆங்கிலம், இந்தியோடு தமிழிலும் ஒரு தாள் ஒட்டுகிறேன், வகுப்புக் குழுக்களின் கியூ.ஆர். குறிகளை இருபது பிரதி எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறேன். போன வாரம் கடையநல்லூரிலிருந்து ஓர் அப்பா போன் செய்தார். மகளுக்காகக் கேட்கிறார், அவருக்கு இணையம் எதுவும் தெரியாது. ஓ.பி.சி. சான்றிதழில் தேதி என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் அண்ணாச்சி என்றேன். கண்ணாடி எடுத்து வருகிறேன் என்று போனை வைக்காமலே போனார். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தமும் டி.வி. சத்தமும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் வந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார், "ஏப்ரல் 17ன்னு போட்டிருக்கும்மா, இந்த வருசம்தான்."